குப்பையை வடிவமைப்பவர்கள்

குப்பை பெருகுவதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், அனைவரும் இல்லத்தரசியை நோக்கியே விரல் நீட்டுகின்றனர். மக்குவதை ஒரு வாளியிலும் மக்காததை மற்றொன்றிலும் இடுமாறு அவருக்கு ஓயாத உபதேசம். தேவையான உபதேசம்தான். ஆனால், பழுதுபார்க்கவே இயலாதபடி பொருளைச் செய்து சந்தைக்கு அனுப்பியவரிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. ஒரு பொருள் எப்போது குப்பையாகும் என்பது பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

இது ஊகம் அன்று. 1924ஆம் ஆண்டு ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் 'ஃபீபஸ்' என்னும் கூட்டமைப்பை உருவாக்கின. 1,500 மணி நேரத்திற்கும் மேலாக எரியக்கூடிய பல்புகளின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைப்பது என்பது அவர்களின் உடன்பாடு. மாதிரிகள் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. வரம்பை மீறி நீடித்து எரிந்தால், செய்த நிறுவனத்திற்கு அபராதம்! கூடுதல் வெளிச்சத்திற்காகவே குறைத்தோம் என்று பின்னர் வாதிட்டனர். அப்படியானால் வாங்குவோரிடம் சொல்லியே விற்றிருக்கலாமே? இரண்டாம் உலகப் போரோடு அக்கூட்டமைப்பு சிதைந்தது. அதன் புத்தி சிதையவில்லை.

கைப்பேசியைப் பாருங்கள். முன்பு பின்மூடியை நகத்தால் நெம்பி பேட்டரியை மாற்றினோம். இன்று அதைப் பசையிட்டு ஒட்டிவிடுகின்றனர். பேட்டரி தளர்ந்ததும், மற்றெல்லாம் நன்றாயிருந்தும், கைப்பேசியே மேசை இழுவறைக்குள் போகிறது. மெலிதாக்கவே ஒட்டினோம் என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். ஐரோப்பிய ஒன்றியம் அதை முழுமையாக ஏற்கவில்லை. பயன்படுத்துவோரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி சாதனங்கள் அமைய வேண்டும் என்று, சில விலக்குகளுடன், 2023இல் சட்டம் இயற்றியது. 2027 பிப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வருகிறது.

நனைந்த தானியத்தைக் குவியலுக்கு அடியில் வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கற்கின்றனர். மழையில் நனைந்தது குற்றமாகவில்லை, மறைத்ததே குற்றமாயிற்று. பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுச் சுருக்கி, அதைச் சொல்லாமல் விற்பது வேறென்ன? பெட்டிக்குள் இருப்பதால் அது ஹலாலான வியாபாரம் ஆகிவிடுமா?

நம் சமுதாயத்தில் கைப்பேசிக் கடையும் மின்சாதனக் கடையும் நடத்துவோர் ஏராளம். பழுதுபார்ப்பது எத்தனை எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாகக் காட்டியே சில சாதனங்களை விற்க வேண்டும் என்ற விதி ஃபிரான்சில் 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது. இங்கு அப்படியொரு சட்டம் வரும்வரை நம் கடைக்காரர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பேட்டரியை மாற்ற முடியுமா, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று மொத்த வியாபாரியிடம் கேட்டு, அந்தப் பதிலை விலைச்சீட்டிலேயே எழுதி ஒட்டட்டும்.