தோட்டா விலை ஏறுது, வாங்கி அடுக்கி வைக்கலாமா? ஒரு மருத்துவரின் பதில்

1/
அமெரிக்காவில் வசிக்கும் சொந்தங்கள் சிலர் இன்பாக்ஸில் கேட்கும் கேள்வி இது.

"டாக்டர், 2020-ல பயந்துபோய் கைத்துப்பாக்கி வாங்கினோம். தோட்டா சில சமயம் கிடைக்கிறதே இல்ல. கிடைச்சா விலை எகிறுது. கிடைக்கும்போதே மொத்தமா வாங்கி அடுக்கிடலாமா?"

என் பதில்: வேண்டாம்.

ஏன் வேண்டாம், அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு இந்தத் திரெட்ல சொல்றேன். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் துப்பாக்கி இருக்கிறவங்களும், பிள்ளைகளை அமெரிக்காவில் வச்சிருக்கிற பெற்றோரும் முழுசா படிங்க.

2/
முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். துப்பாக்கி வைத்திருப்பது சரியா தப்பா என்ற விவாதம் இது இல்லை. சட்டப்படி வாங்கியவர்களுக்குத்தான் பேசுறேன். வாங்கியாச்சு, வீட்டில் இருக்கு. இனி என்ன? அதுதான் இங்கே கேள்வி.

3/
இந்தத் தட்டுப்பாடு ஏன் வந்தது?

2019-ல் 50 தோட்டா கொண்ட ஒரு 9 மி.மீ பெட்டி சுமார் 10 டாலர். 2021 தொடக்கத்தில் அதே பெட்டி பல இடங்களில் 40 டாலரைத் தாண்டியது. பல கடைகளில் "ஒருவருக்கு ஒரு பெட்டி" என்று போர்டு மாட்டினார்கள்.

ஆலைகள் மூடிக் கிடந்ததால்தான் இப்படி என்று பலர் நினைக்கிறாங்க. அது முழு உண்மை இல்லை.

4/
2020-ல் துப்பாக்கி வாங்குவோருக்கான எஃப்பிஐ பின்னணிச் சோதனைகள் சுமார் 3.97 கோடி. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 2.84 கோடி. (ஒரு சோதனை என்றால் ஒரு விற்பனை என்று அர்த்தமில்லை. ஆனால் போக்கு புரியும்.)

அந்த ஆண்டு முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் 84 லட்சம் பேர் என்பது துப்பாக்கித் தொழில் சங்கத்தின் கணிப்பு.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. அவர்கள் ஆளுக்கு இரண்டே பெட்டி, அதாவது 100 தோட்டா வாங்கினால்கூட 84 கோடி தோட்டா வேணும்! யாரும் பேராசைப்படலை. ஆனாலும் ஷெல்ஃப் காலி.

5/
அதே 2020 ஜூலையில் ரெமிங்டன் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஆர்கன்சா மாநிலம் லோனோக்கில் இருந்த அதன் பெரிய தோட்டா ஆலை கை மாறி, மறுபடி முழு வேகம் எடுக்க நாளாச்சு.

2021 ஆகஸ்டில், நவால்னிக்கு விஷம் கொடுக்கப்பட்ட விவகாரத்துக்காக ரஷ்யத் தோட்டாக்களின் இறக்குமதிக்குப் புதிய அனுமதி கிடையாது என்று அமெரிக்கா அறிவித்தது. விலை மலிவான சரக்கு அங்கிருந்துதான் நிறைய வந்துகொண்டிருந்தது.

பிறகு உக்ரைன் போர். வெடிமருந்துத் தூளுக்கு உலகம் முழுக்கப் போட்டி.

6/
ஒரு தோட்டாவில் நான்கு பாகம். பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்துத் தூள், முன்னால் பாயும் குண்டு, பின்னால் பொறி வைக்கும் பிரைமர். இந்த பிரைமரை அமெரிக்காவில் பெரிய அளவில் தயாரிப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள்தான். அது தட்டினால் மற்ற மூன்றும் மலைபோலக் குவிந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

புது ஆலை ஏன் கட்டலை? பயம் ஒரு வருஷத்தில் அடங்கிடும், ஆலை முப்பது வருஷம் நிக்கணும். எந்த முதலாளியும் யோசிப்பார்.

7/
இது புதுசும் இல்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்த பிறகு, புதுச் சட்டம் வந்துடும் என்ற பயத்தில் மக்கள் வாங்கிக் குவித்தார்கள். சாதாரண .22 தோட்டா ஓரிரு வருஷம் அபூர்வப் பொருள் ஆனது.

"உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை எல்லாத்தையும் வாங்கிப் பதுக்குது" என்று அப்போ ஒரு வதந்தி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே விசாரித்தது. அந்தத் துறை வாங்கியது ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடிச் சொச்சம்தான், அதுவும் குறைந்துகொண்டே வருகிறது என்று 2014-ல் அறிக்கை கொடுத்தது.

பதுக்கியது அரசாங்கம் இல்லை. பயந்துபோன பொதுஜனம்.

8/
மருத்துவத்தில் இதை நாங்க நேரடியாப் பார்த்திருக்கோம்.

2020 மார்ச்சில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவுக்குக் கேட்கும் என்ற பேச்சு கிளம்பியதும் அமெரிக்காவில் ஓடி ஓடி வாங்கினார்கள். நடந்தது என்ன? லூபஸ், முடக்குவாதம் என்று வருடக்கணக்கில் அந்த மாத்திரையை நம்பி இருந்த நோயாளிகளுக்கு மருந்து கிடைக்கலை.

வாங்கி வைத்தவர் வீட்டில் மாத்திரை சும்மா கிடந்தது. தேவைப்பட்டவர் கை வெறுங்கையா இருந்தது.

"தீர்ந்துடும்" என்ற பயமே தீர்ந்து போக வைக்குது. தோட்டாவும் அப்படித்தான்.

9/
சரி, உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை? பேப்பரில் எழுதுங்க.

பயிற்சிக்கு மாதம் ஒரு முறை ஷூட்டிங் ரேஞ்ச் போனால் 50 தோட்டா. வருஷத்துக்கு 600. பாதுகாப்புக்கென்று வீட்டில் வைப்பது ஒரு பெட்டி, இரண்டு பெட்டி.

அவ்வளவுதான். ஐயாயிரம், பத்தாயிரம் என்பது போட்டி வீரர்களின் கணக்கு. அது உங்கள் கணக்கு இல்லை.

விலை நியாயமாக இருக்கும்போது மாதம் ஒரு பெட்டி வாங்கினால் போதும். எகிறும்போது வாங்குவதை நிறுத்துங்க. 2021-ல் 40 டாலருக்கு மூட்டை கட்டியவர்களின் கண் முன்னாலேயே விலை பெருமளவு இறங்கியது.

10/
"பயிற்சி இல்லாம கை பழகாதே டாக்டர்?"

நியாயமான கேள்வி. ஆனால் பயிற்சியின் பெரும்பகுதிக்குத் தோட்டாவே வேண்டாம். பிடிக்கும் விதம், நிற்கும் விதம், குறி, விசையை அசங்காமல் அழுத்துவது, இதெல்லாம் காலித் துப்பாக்கியில் தினம் பத்து நிமிஷம் செய்யலாம். டிரை ஃபயர் என்பார்கள்.

நிபந்தனை: அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பாருங்க. குறி வைக்கும் திசையில், சுவருக்கு அந்தப் பக்கத்திலும் ஆள் இருக்கக் கூடாது. பயிற்சி முடிஞ்சதும் பூட்டி வைங்க, "இன்னும் ஒரே ஒரு தடவை" வேண்டாம். .22 ரகத் துப்பாக்கிகள் பலவற்றில் இப்படிச் செய்தால் பாகம் கெடும். கையேட்டைப் படிச்சுட்டுச் செய்யுங்க.

ரேஞ்சில் 200 தோட்டாவை வேடிக்கையாகத் தீர்ப்பதைவிட, 30 தோட்டாவை ஒவ்வொன்றாக எண்ணிச் சுடுபவர் நன்றாகக் கற்றுக்கொள்வார்.

11/
தட்டுப்பாட்டில் செய்யக் கூடாதவை:

- கிடைத்ததை வாங்கிப் போடாதீங்க. பெட்டியில் உள்ள எழுத்தும் குழலில் பொறித்த எழுத்தும் அப்படியே பொருந்தணும். .380 ரகத்துக்கே "9 மி.மீ ஷார்ட்" என்று இன்னொரு பெயர் உண்டு. வழக்கமான 9 மி.மீ அது இல்லை.
- முகம் தெரியாதவர் வீட்டில் செய்து விற்கும் தோட்டா வேண்டாம். மருந்து குறைவாகப் போனால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். விரல் போகும், கண் போகும்.
- "பாதி விலைக்கு உடனடி டெலிவரி" என்று விளம்பரம் செய்யும் புது இணையதளங்கள் வேண்டாம். பணம் போகும், பெட்டி வராது.

12/
"நானே கூட்டைப் பொறுக்கி மறுபடி நிரப்பிக்கிறேன்" என்பவர்களுக்கு: பொறுமையாகக் கற்றுக்கொண்டு செய்தால் மிச்சமாகும். ஆனால் ஒரு டாக்டராக எனக்கு இதில் பெரிய கவலை ஈயம்.

சுட்ட கூட்டில் ஈயப் படிவு இருக்கும். வழக்கமான பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு. கூட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது தூசி கிளம்பும். அது உங்கள் சட்டை, காலணி வழியாகக் குழந்தை தவழும் தரைக்கு வரும்.

குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே கவனிக்கணும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-ல் வரம்பைக் குறைத்தது.

13/
அதனால்:

- சமையலறையில் இந்த வேலை கூடவே கூடாது
- ரேஞ்சில் சாப்பிடாதீங்க, முகத்தைத் தொடாதீங்க
- முடிந்ததும் சோப்பு போட்டுக் கையையும் முகத்தையும் கழுவுங்க
- வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றி, அதைத் தனியாகத் துவைங்க
- கர்ப்பிணிகள் உள்ளரங்க ரேஞ்சுக்குப் போக வேண்டாம்
- அடிக்கடி போகிறவர்கள் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதியுங்க

காதையும் மறக்காதீங்க. துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலுக்கு மேல். செவிக் காப்பு இல்லாமல் ஒரே ஒரு வெடி போதும், காதில் நிரந்தர இரைச்சல் வர.

14/
இப்போ நான் எழுத வந்த முக்கியமான விஷயம்.

தோட்டா வாங்கக் கவலைப்படும் பலர் அது வீட்டில் எங்கே இருக்கு என்று கவலைப்படுவதில்லை. மேஜை டிராயர், துணி அலமாரி, கட்டிலுக்கு அடியில்.

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கு மேல்!

நாம் பயப்படுவது வெளியிலிருந்து வரும் திருடனுக்கு. ஆனால் அதிகம் பேரைக் கொண்டுபோவது வீட்டுக்குள் இருக்கும் ஒரு கெட்ட நேரம்.

15/
கலிஃபோர்னியாவில் 2.6 கோடி பேரை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, இல்லாதவர்களைவிட சுமார் 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. வாங்கிய உடனடிக் காலத்தில்தான் ஆபத்து உச்சம்.

தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஓர் அலை. வரும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். முயன்று பிழைத்தவர்களில் 10-ல் 9 பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. அந்தச் சில நிமிஷத்தில் கைக்கு என்ன எட்டுது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்குது. துப்பாக்கி எட்டினால், பிழைப்பவர் பத்தில் ஒருவர்தான்.

16/
நல்ல செய்தியும் இருக்கு.

2005-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, குழந்தைகளும் பதின்வயதினரும் உள்ள வீடுகளைப் பார்த்தது. துப்பாக்கியைப் பூட்டுவது, தோட்டா நீக்கி வைப்பது, தோட்டாவைத் தனியாக வைப்பது, தோட்டாவையும் பூட்டுவது. இந்த நான்கில் ஒவ்வொன்றுமே பிள்ளைகளின் தற்கொலையும் விபத்தும் குறைவதோடு தொடர்புடையதாக இருந்தது.

கவனிங்க: துப்பாக்கியைப் பூட்டுவதோடு நிற்கவில்லை. தோட்டாவைத் தனியாகப் பூட்டுவதும் அதில் ஒன்று.

நீங்க தேடித் தேடி வாங்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கும் ஒரு பூட்டு வேணும்.

17/
"ராத்திரி திருடன் வந்தா சாவி தேடிக்கிட்டு இருப்பேனா?"

எண் அமுக்கினால் சில நொடியில் திறக்கும் சின்னப் பெட்டகங்கள் கிடைக்குது. தட்டுப்பாட்டு விலையில் நாலைந்து பெட்டி தோட்டா வாங்கும் காசுக்குள் ஒன்று வரும். அடுத்த முறை கையில் 200 டாலர் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது, ஆயிரத்து ஒன்றாவது தோட்டாவா, முதல் பூட்டா என்று கேட்டுக்கோங்க.

பிள்ளைக்கு எண் தெரியாது என்று நம்பாதீங்க. பிறந்த நாளை எண்ணாக வைக்காதீங்க!

18/
நம்ம ஆட்களுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கை.

ஒன்று: எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலிடம் கேட்காமல் நண்பனின் பெட்டியைக்கூட வாங்கி வைக்காதீங்க.

இரண்டு: ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையை ஊருக்கு எடுத்து வராதீங்க. மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால், 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரலாம். "மறந்துட்டேன்" என்பதைக் கோர்ட்டில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

19/
சுருக்கமா:

- தட்டுப்பாடு மறுபடியும் வரும். தேர்தல், போர், கலவரம், ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும்
- தேவையைக் கணக்குப் போட்டு, நிதானமா வாங்குங்க
- பயிற்சியைக் காலித் துப்பாக்கியில் கூட்டி, சுடுவதைக் குறைங்க
- ஈயத்தையும் சத்தத்தையும் வீட்டுக்குக் கொண்டு வராதீங்க
- துப்பாக்கிக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்குத் தனியா ஒரு பூட்டு

20/
கடைசியா ஒண்ணு. வீட்டில் யாராவது வேலை போய், உறவு முறிந்து, தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து இருந்தால், அந்தக் காலம் முடியும் வரை துப்பாக்கியையும் தோட்டாவையும் வீட்டை விட்டே வெளியேற்றுங்க. எங்கே சட்டப்படி ஒப்படைக்கலாம் என்று உள்ளூர் போலீஸிடமோ துப்பாக்கிக் கடையிலோ கேளுங்க. அவரிடம் "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. அமெரிக்காவில் 988, இந்தியாவில் 14416. எந்த நேரமும் அழைக்கலாம்.

ஷெல்ஃப்ல தோட்டா இல்லைன்னா ஒரு மாசம் பொறுத்துக்கலாம். வீட்டுல ஒருத்தர் இல்லைன்னா?

அமெரிக்காவில் இருக்கும் உங்க சொந்தங்களுக்கு இதைப் பகிருங்க.