களையின் சுமை யார் முதுகில்?

நீலகிரி மலையில் இன்று இரண்டு கோஷங்கள் கேட்கின்றன. "மருந்து அடிக்காவிட்டால் களை தேயிலையை விழுங்கிவிடும்" என்பது ஒன்று. "இயற்கை விவசாயத்துக்கு மாறினால் எல்லாத் தொல்லையும் தீரும்" என்பது மற்றொன்று. இரண்டையும் உரக்கச் சொல்பவர்கள் குனிந்து களை வெட்டுகிறவர்கள் அல்ல. வெட்டுகிறவர்களின் தரப்பில் நின்று நாம் இதைப் பரிசீலிப்போம்.

தேயிலை தழைத்து நிரை மூடிவிட்டால் அடியில் வெயில் படாது. களை தானாக ஒடுங்கும். கன்றுத் தேயிலையிலும் கவ்வாத்து முடிந்த காட்டிலும்தான் தொல்லை அதிகம். அங்கே போட்ட உரத்திலும் ஈரத்திலும் களை பங்கு கேட்கிறது. இதை மறுப்பது அசட்டுத்தனம். ஆனால் சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பதும் அதே புல்தான். அடியோடு சுரண்டிய காட்டில் ஒரு பெருமழை பெய்தால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும்.

மருந்தால் களை ஒழிந்ததா? ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குச் சாகும் களைகள் போய், சாகாதவை இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ராகிப் பயிரைப் போலிருக்கும் ஒரு புல் கிளைபோசேட் மருந்துக்கு மசியாமல் நின்றதை மலேசியாவில் 1997-லேயே கண்டார்கள். மருந்தில்லாத நிலத்திலோ களை பல வகையாக முளைக்கிறது. பெரும்பாலும் அதிகமாகவும் முளைக்கிறது. மக்காத சாணத்தைப் போட்டால் களை விதையும் கூடவே வருகிறது. ஆக, ஒரு வழியில் விஷம் அதிகம். மறு வழியில் வேலை அதிகம்.

இங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. பல பேர் பல நாள் வெட்டிய காட்டை ஓரிருவர் ஒரு பொழுதில் மருந்தடித்து முடிக்கிறார்கள். ஒரு தொழிலாளியின் தலையில் மேலும் தறிகளைக் கட்டிய கதையை ஆலைத் தோழர்கள் அறிவார்கள். களைக்கொல்லியும் அதே ஆட்குறைப்புதான். தறிக்குப் பதில் முதுகில் மருந்து டப்பா.

அந்த டப்பாவில் என்ன இருக்கிறது? பாராகுவாட் குடலுக்குள் போனால் முறிமருந்து கிடையாது. கேரளம் 2011-ல் அதைத் தடை செய்தது. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-ல் வகைப்படுத்தியது. பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமே அதை அடிக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. தோட்டங்களில் நச்சு மருந்து கையாளுவோரின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010-ல் திருத்தம் வந்தது. 2025 நவம்பரில் அச்சட்டம் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. சட்டத்தின் பெயர் எதுவானாலும் அந்தக் கடமையை நாம் விட்டுத்தர முடியாது.

அப்படியானால் நாளையே எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? இலங்கையைப் பாருங்கள். 1964 ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வந்த நம் மக்களுக்காகத்தான் இம்மலையில் அரசுத் தேயிலைத் தோட்டம் 1968-ல் தொடங்கியது. அந்நாட்டுத் தோட்டத்தின் கதை நமக்கு அந்நியமல்ல. 2021-ல் அந்த சர்க்கார் ரசாயன உரத்தையும் பூச்சி, களை மருந்துகளையும் ஒரே உத்தரவில் நிறுத்தியது. நவம்பரில் பின்வாங்கியது. 2021-ல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-ல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. நிறுவைக்குக் கூலி வாங்குகிறவளுக்குக் கொழுந்து குறைந்தால் கூலியும் குறையும். தயாரிப்பில்லாத உத்தரவின் தண்டனை உழைப்பவர் தலையில்தான் விழுந்தது.

ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியும் இதே பொறியில்தான் சிக்கியிருக்கிறார். இயற்கைத் தேயிலை என்ற சான்று பெற மூன்று வருஷம் மாறுதல் காலம். அதுவரை களைவெட்டுச் செலவு கூடும்; விலை கூடாது. கூலி கொடுக்க வழியில்லாமல் அவர் மருந்துக் கடைக்குப் போகிறார். அவர் நம் எதிரி அல்லர்.

எனவே நாம் கேட்பது இது: விஷ மருந்தைப் படிப்படியாக நிறுத்து, ஆனால் நிறுத்தும் ஒவ்வொரு காட்டுக்கும் களைவெட்ட ஆள் போடு. ஒருத்தியை இருவர் வேலை செய்ய வைக்காதே. வேரோடு சுரண்டாமல் அரிவாளால் மட்டமாக வெட்டி, கவ்வாத்துக் கழிவை மண்ணில் பரப்பும் முறைக்கு முழு நாள் கூலி கொடு. மாறுதல் காலச் செலவில் சிறு விவசாயிக்கு சர்க்கார் தோள் கொடுக்கட்டும். இயற்கைத் தேயிலை என்று கூடுதல் விலைக்கு விற்றால், அந்தக் கூடுதலில் களைவெட்டியவளுக்கும் பங்கு கொடு.

தோழர்களே! மருந்தா, மண்வெட்டியா என்று மட்டும் கேட்டு நம்மைத் திசைதிருப்ப விடாதீர்கள். செலவு யாருடையது, லாபம் யாருடையது என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்!