டால்ஸ்டாயின் வீடும் ருஷ்ய சர்க்காரும்

மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில், தூலா நகரை அடுத்து, யாஸ்னயா பொல்யானா என்னும் கிராமம் இருக்கிறது. 'போரும் சமாதானமும்', 'அன்னா கரீனினா' ஆகிய பெரு நவீனங்களை டால்ஸ்டாய் எழுதியது அங்குள்ள தமது இல்லத்தில்தான். 1921ல் ருஷ்ய சர்க்கார் அதைப் பொருட்காட்சிசாலையாக்கினர். அவருடைய 22,000 புத்தகங்களும், எழுதிய மேஜையும் இன்றும் அங்கே இருக்கின்றன. யாத்திரிகர்கள் காட்டினுள் நடந்து சமாதியையும் தரிசிக்கிறார்கள். சிலுவையில்லை, கல்லில்லை, பெயருமில்லை. புல் மூடிய மண்மேடு ஒன்றே உண்டு.

ஓர் ஆசிரியரின் வீட்டை இவ்வளவு சிரத்தையுடன் காப்பது மெச்சத்தக்கதே. நம்மவர்களுக்கு இந்தச் சிரத்தை சற்றுக் குறைவு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் வீட்டைக் காத்தவர்கள் வீட்டுக்காரரின் வாக்கை என்ன செய்தார்கள் என்பதே நமது கேள்வி.

டால்ஸ்டாய் தமது நூல்களின் உரிமையை உயில் மூலம் இளைய புதல்வி அலெக்ஸாண்ட்ராவிடம் ஒப்புவித்தார். 1910ல் அவர் காலமான பின், வெளிவராதிருந்த நூல்களை அச்சிட்டுக் கிடைத்த பணத்தைக் கொண்டு, அம்மாது குடும்ப நிலத்தை வாங்கி 1913ல் குடியானவர்களுக்கு வழங்கினார். அவரைத்தான் போல்ஷ்விக்குகள் 1920ல் சிறையிலிட்டார்கள்; விடுவித்த பின் அவரையே அந்த வீட்டின் காப்பாளராகவும் நியமித்தார்கள்! 1929ல் அவர் தேசத்தை விட்டே போய்விட்டார். டால்ஸ்டாயின் கொள்கைப்படி ஸைபீரியாவில் பயிரிட்டு வாழ்ந்த கூட்டத்தாரின் தலைவர்கள் 1936ல் கைதானார்கள். அதே காலத்தில் அதே சர்க்கார் அவருடைய நூல்களை 90 தொகுதிகளாக அச்சிட்டு வந்தனர்.

1941ல் ஜெர்மானியச் சேனை அவ்வீட்டில் 45 நாள் குடியிருந்து, வெளியேறுகையில் தீ மூட்டிற்று. ஊழியர்கள் அதை அணைத்தார்கள். அரும்பொருள்கள் முன்னரே தொலைதூரத்து டாம்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டிருந்தன. இந்த அக்கிரமத்தை ருஷ்ய வக்கீல்கள் நூரம்பர்க் விசாரணையில் எடுத்துரைத்தார்கள். நியாயமான வாதமே. ஆனால் 2022 மே மாதத்தில், உக்ரேனின் கார்க்கிவ் பிரதேசத்தில், தத்துவஞானி ஸ்கோவொரோடா தமது இறுதி நாட்களைக் கழித்த இல்லம், அதுவும் பொருட்காட்சிசாலையே, ருஷ்யக் குண்டுவீச்சில் எரிந்தது. அங்கும் முக்கியப் பொருள்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன. இந்த வழக்கை எந்தக் கோர்ட்டில் தொடுப்பது?

1904ல் ருஷ்யா ஜப்பானுடன் போர் புரிந்தபோது டால்ஸ்டாய் அதை வன்மையாகக் கண்டித்தார். ஜாரின் ருஷ்யாவில் வெளியிட முடியாத அக்கட்டுரையை லண்டன் 'டைம்ஸ்' வெளியிட்டது. 2022 மார்ச்சில் இயற்றப்பட்ட ருஷ்யச் சட்டப்படி சேனையை இழித்துரைப்பது குற்றம். இன்று அதே கட்டுரையை ஒருவர் அவ்வீட்டு வாசலில் நின்று உரக்க வாசித்தால் அவருக்கு என்ன நேரும் என்பதை வக்கீல்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

டால்ஸ்டாயின் வாக்கு அனுஷ்டானத்துக்கு வந்த இடம் வேறொன்று உண்டு. 1910ல் ஜோஹான்னஸ்பர்க் அருகே காந்தியடிகள் அவர் பெயரால் ஒரு பண்ணை அமைத்தார். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வசித்தன. அவர்களில் பலர் தமிழர். தமக்குத் தெரிந்த சொற்பத் தமிழைக் கொண்டு காந்தியடிகளே பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தார். அப்பண்ணையின் கட்டடங்கள் பிற்காலத்தில் காப்பாரின்றிச் சிதைந்தன.