மலைக்குத் தீ வைப்பது யார்?

மாசி மாதம் பிறந்துவிட்டால், வடுகபட்டியில் இரவு நேரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

ஊருக்கு அப்பால் மலை கருப்பாக நிற்கும். அந்தக் கருப்பில் ஒரு நெருப்புக் கோடு வளைந்து வளைந்து மேலே ஏறும். தூரத்தில் இருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும்.

"அப்பத்தா, மலைக்கு யாரு மாலை போட்டது?" என்று பேரன் கேட்பான்.

"அது மாலை இல்லடா ராசா. காடு எரியுது" என்பாள் கிழவி.

"யாரு தீ வச்சது?"

இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்லுவார்கள். "வெயில்" என்பார் ஒருவர். "மூங்கிலும் மூங்கிலும் உரசிப் பற்றிக்கொண்டது" என்பார் இன்னொருவர்.

வெயில் காட்டைக் காய வைக்கும். ஆனால் அது தீக்குச்சியைக் கிழிக்காது!

மின்னல் விழுந்தும் காடு எரிவது உண்டு. ஆனால் நம் பக்கத்தில் மின்னலோடு பெரும்பாலும் மழையும் சேர்ந்து வந்துவிடும். இந்தியாவில் ஏற்படும் காட்டுத் தீயில் பெரும்பகுதி மனிதர்களால் ஏற்படுவதுதான். தெரிந்து வைத்த தீ கொஞ்சம். தெரியாமல் விட்ட தீ கொஞ்சம். இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது சரி அல்ல.

குரங்கணியில் நடந்தது

2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளைத் தேனி மாவட்டம் மறக்காது.

போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கிறது குரங்கணி மலை. சென்னையில் இருந்தும், ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்தும் வந்தவர்கள் அங்கே மலை ஏறினார்கள். அவர்களில் பெண்கள் பலர். கொழுக்குமலையில் இருந்து அவர்கள் இறங்கி வந்தபோது காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் காய்ந்த புல். செங்குத்தான சரிவு. பலமான காற்று. எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தத் தீயில் வெந்தவர்களில் 23 பேர் உயிர் இழந்தார்கள். சிலர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். மற்றவர்கள் பல நாள் ஆஸ்பத்திரியில் துடித்து இறந்தார்கள்.

மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பறந்தன. கமாண்டோ வீரர்கள் வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு எல்லாம் முன்பாக, அன்று மாலையே, மலை மேல் ஓடியவர்கள் யார் தெரியுமா? அந்த மலை அடிவாரத்து ஜனங்கள்தான். இருட்டில், புகையில், வழி தெரிந்து போனவர்கள் அவர்கள். காயம் அடைந்தவர்களைத் துணியில் கிடத்தித் தூக்கி வந்தவர்களும் அவர்கள்தான்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வருகிறேன்.

தீ எப்படிப் பிறக்கிறது?

மாடு மேய்ப்பவர் சிலர் காய்ந்த புல்லைக் கொளுத்துகிறார்கள். மழை பெய்ததும் இளம் புல் முளைக்கும் என்பது அவர்கள் கணக்கு. காட்டு ஓரத்தில் தோட்டம் வைத்திருப்பவர் சருகைக் கூட்டி எரிக்கிறார். காற்று அதைக் காட்டுக்குள் கொண்டுபோய்விடுகிறது. தேன் எடுப்பவர் பந்தத்தை அணைக்காமல் போடுகிறார். சுற்றிப் பார்க்க வந்தவர் சமைத்துச் சாப்பிட்டு, அடுப்பை அப்படியே விட்டுப் போகிறார். ஒரு பீடித் துண்டு போதும், ஒரு மலையே எரிந்துபோக!

மலைக்குத் தீ வைத்தால் மழை வரும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மழை புகையில் இருந்து வருவது இல்லை. கடலில் இருந்து வருகிறது. வந்த மழையை மண்ணில் இறக்கி வைப்பது காடு. காட்டை எரித்து மழையைக் கூப்பிடுவது, பானையை உடைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போவது போன்றது.

மின்சாரக் கம்பியும் தீ வைக்கும். அதே 2018-ம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாரடைஸ் என்ற ஊரே எரிந்தது. 85 பேர் இறந்தார்கள். பழைய மின்சாரப் பாதையில் விழுந்த பொறிதான் காரணம்.

இப்போது ஏன் அதிகம்?

"காட்டுத் தீ அந்தக் காலத்திலும் இருந்ததே?" என்று கேட்கலாம். இருந்தது. இப்போது மூன்று காரணங்கள் கூடிவிட்டன.

ஒன்று, வெப்பம். உலகத்தின் வெப்பத்தைக் கணக்கு எடுக்கத் தொடங்கிய நாளில் இருந்து, அதுவரை இல்லாத அளவு வெப்பம் இருந்த ஆண்டு 2024. அந்த ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காடு நாள் கணக்கில் எரிந்தது.

இரண்டு, வெளிநாட்டு மரம், செடிகள். பைன் மரமும் தைல மரமும் வெள்ளைக்காரர் காலத்தில் நம் மலைகளுக்கு வந்தவை. பைன் ஊசிகள் மெத்தை போல விழுந்து கிடக்கும். தைல மரத்தின் இலையில் எண்ணெய் இருக்கிறது. உண்ணிச்செடி புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. காய்ந்தால் எல்லாம் விறகு.

மூன்று, ஜன நடமாட்டம். ரோடு போகாத இடத்துக்கும் இப்போது மனிதர்கள் போகிறார்கள்.

மலையில் தீ பிடித்தால் அது சமவெளித் தீயைப் போல நடக்காது, ஓடும். சூடான காற்று மேலே ஏறி, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் இரண்டு மடங்கு ஆகும் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். ஆகையால் கீழே தீ இருக்கும்போது மேல்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் விலகி, பாறைக்கோ, ஓடைக்கோ, புல் இல்லாத வெட்டவெளிக்கோ போக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நமக்கு என்ன நஷ்டம்?

"மலை எரிந்தால் ஊருக்கு என்ன?" என்று நினைப்பது தவறு.

வடுகபட்டி பூண்டுச் சந்தை எங்கும் பெயர் பெற்றது. அங்கே வரும் மலைப்பூண்டு கொடைக்கானல் மலையில் விளைகிறது. அந்தப் பூண்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. மலை மண் போனால் பூண்டு ஏது? சந்தை ஏது?

தண்ணீரும் அப்படித்தான். மலையில் பெய்யும் மழை வராக நதியில் இறங்குகிறது. சோத்துப்பாறை அணையில் சேர்ந்து பெரியகுளத்துக்குக் குடிநீர் ஆகிறது. சருகும் புல்லும் எரிந்துபோனால், மண்ணைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. முதல் மழையிலேயே மேல் மண் அடித்துக்கொண்டு வந்து அணையில் படிகிறது. மலையில் எரிந்தது நம் வீட்டுக் குடம்!

என்ன செய்ய வேண்டும்?

குரங்கணி விபத்துக்குப் பிறகு, 2018-லேயே மலை ஏற்றத்துக்கு அரசாங்கம் தனி விதிகள் கொண்டுவந்தது. கோடைக்கு முன்பு வன இலாகா காட்டில் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடுகள் போடுகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் மூலம் தீயைப் பார்த்துச் செல்போனில் தகவல் அனுப்புகிறது.

எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் ஆகாயத்தில் இருக்கும் கண், தீ பிடித்த பிறகுதான் பார்க்கும். தீப்பெட்டியை எடுக்கும் கையைப் பார்ப்பது அடிவாரத்து ஊர்க்காரரின் கண்தான்.

ஆகவே நான் சொல்லுவது இதுதான். அடிவாரத்து ஜனங்களையும், மலையில் வாழும் பளியர்களையும் தீக்காவலுக்கு நியமிக்க வேண்டும். தீ வந்த பிறகு கூப்பிடக்கூடாது. தை மாதமே வேலைக்கு எடுக்க வேண்டும். வாரா வாரம் கூலி கொடுக்க வேண்டும். காலுக்குப் பூட்சும், குடிக்கத் தண்ணீரும், உயிருக்கு இன்ஷூரன்சும் வேண்டும். இப்போதும் கோடையில் தற்காலிகக் காவலர்களை வைக்கிறார்கள். அது போதாது. ஒவ்வொரு அடிவாரத்து ஊருக்கும் ஒரு குழு வேண்டும்.

"தீ வைப்பதே அவர்கள்தானே, அவர்களிடமே காவலைக் கொடுப்பதா?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு சிலர் செய்யும் தவறுக்கு ஊரையே குற்றவாளி ஆக்கக்கூடாது. காட்டுக்குத் தீ வைப்பது 1882-ம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். சட்டம் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் தீ நிற்கவில்லையே! தடியால் மட்டும் இது நிற்காது. எந்த மலை தனக்குக் கூலி கொடுக்கிறதோ, அந்த மலையை யாரும் கொளுத்த மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொளுத்தினாலும் தடுப்பார்கள்.

குரங்கணியில் முதலில் ஓடியவர்கள் அவர்கள்தானே? சம்பளம் இல்லாமலே உயிரைக் கொடுத்து ஓடியவர்களை நம்பாமல், வேறு யாரை நம்புவது?

நாமும் செய்ய வேண்டியது உண்டு. மாசியில் இருந்து வைகாசி வரை காட்டு ஓரத்தில் சருகை எரிக்காதீர்கள். மலைக்குப் போகும்போது தீப்பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். புகையைப் பார்த்தால், "யாராவது சொல்லுவார்கள்" என்று இருக்காமல், உடனே 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாசியில் அந்தப் பேரன் மறுபடியும் மலையைப் பார்ப்பான். அப்போது அங்கே இருட்டு மட்டும் இருக்கட்டும். அதுதான் மலைக்கு அழகு.