கிளைவ் கட்டிய மாளிகை

ஆற்காட்டு முற்றுகையை நடத்தி முடித்துப் பிளாசி யுத்தத்துக்கு வரும்போது, வருஷந்தோறும் யாராவது ஒரு பையன் எழுந்து, "அவ்வளவு பணத்தையும் கிளைவ் என்ன ஸார் செய்தான்?" என்று கேட்பது வழக்கம். பாடப் புஸ்தகத்தில் இதற்கு விடை இல்லை. விடையில் ஒரு பகுதி, லண்டனுக்குத் தென்மேற்கே ஸர்ரே ஜில்லாவில், ஈஷர் என்னும் ஊருக்கு அருகே ஒரு மேட்டின்மீது நிற்கிறது. கிளேர்மாண்ட் என்பது அதன் பெயர்.

அங்கே முதலில் வீடு கட்டிக்கொண்டவர் நாடகாசிரியரும் கட்டடக் கலைஞருமான வான்ப்ரோ. அவரிடமிருந்து அதை வாங்கிய பிரபு, கிளேர் என்ற தம் பட்டத்தையே வீட்டுக்கும் சூட்டினார். பிரபு 1768-ல் இறந்தார். மறு வருஷமே அவருடைய மனைவியிடமிருந்து கிளைவ் அதை 25,000 பவுனுக்கு வாங்கினார். தாழ்ந்த இடத்தில் ஈரம் தேங்குகிறது என்று பழைய மாளிகையை இடித்துத் தள்ளிவிட்டு, உயர்ந்த இடத்தில் புதிதாகக் கட்டச் செய்தார். அந்நாளில் தோட்டக் கலையில் இணையற்றவரெனப் பெயர் பெற்றிருந்த பிரௌனும், அவருக்குத் துணையாக ஹென்றி ஹாலண்டும் அப்பணியை மேற்கொண்டார்கள். வீட்டுக்கும் தோட்டத்துக்குமாக லக்ஷம் பவுனுக்கு மேல் செலவாயிற்று என்பார்கள்.

வெண்ணிறச் செங்கல் மாளிகை, அகன்ற படிகள், அவற்றின்மேல் கொரிந்தியப் பாணியில் நெடிய தூண்கள், அவை தாங்கும் முக்கோண முகப்பு. எத்திசையிலிருந்து நோக்கினும் அழகு குன்றலாகாது என்று சமையற்கட்டு முதலியவற்றைத் தரைக்கடியில் ஒளித்துவிட்டார் பிரௌன். வேலையாட்கள் கண்ணில் படாமல் வந்து போகச் சுரங்க வழி! அழகிய கட்டடந்தான், மறுப்பதற்கில்லை.

கிளைவ் அதை வாங்கிய மறு வருஷம், 1770-ல், வங்காளத்தில் கொடிய பஞ்சம். ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருப்பார்கள் என்று வாரன் ஹேஸ்டிங்ஸே மதிப்பிட்டார். அப்போது கிளைவ் இந்தியாவில் இல்லை, 1767-லேயே கப்பலேறிவிட்டார். எனினும், மீர் ஜாபர் அளித்த ஜாகீரின் பேரில் வருஷத்துக்குச் சுமார் 27,000 பவுன் அவரைத் தேடிச் சென்றுகொண்டிருந்தது.

மெக்காலே நம்மவர்பால் பரிவு கொண்டவர் அல்லர். ஆதலால் அவர் 1840-ல் எழுதியதை எடுத்துக் கூறலாம். முர்ஷிதாபாத் கஜானாவின் பொன் நிரம்பியிருந்த பெட்டி ஒன்றைக் கிளைவின் வீட்டில் பிரௌன் கண்டாராம். இதைப் படுக்கையறைக்கு இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் எப்படி உறங்க முடிகிறது என்று திகைத்தாராம். சுற்றுப்புறத்துக் குடியானவர்களோ, பிசாசு உள்ளே நுழையாதிருக்கவே பிரபு சுவர்களை அவ்வளவு கனமாக எழுப்புகிறார் என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

1774 நவம்பரில் கிளைவ் லண்டன் வீட்டில் இறந்தார். செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடக் கிளேர்மாண்ட் விலை போகவில்லை. பின்னர் இளவரசி சார்லட் 1817-லும், நாடிழந்த பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் 1850-லும் அங்கேதான் கண்மூடினார்கள். இன்று அது ஒரு பள்ளிக்கூடம்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அந்தப் பெட்டி இப்போது எங்கே ஸார்?" நல்ல வேளையாக மணி அடித்தது.