கைப்பைக்குள் அடங்குவதா பெண்களின் பாதுகாப்பு?

2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 0.32 அங்குலக் குழல் விட்டம். ஏறத்தாழ 500 கிராம் எடை. எஃகுத் துப்பாக்கி கனக்கும், கைப்பையில் மறைத்து எடுத்துச் செல்ல இயலாது என்பதால் டைட்டானியக் கலவை உலோகத்தில் செய்யப்பட்டது. நகைப்பெட்டி போன்ற அரக்கு நிறப் பேழையில் வைத்து விற்கப்பட்டது. விலை 1,22,360 ரூபாய். 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் வதைக்கப்பட்டு உயிரிழந்த மாணவிக்கு நாடு சூட்டிய பெயர் நிர்பயா. அதே பொருள் தரும் சொல்லே துப்பாக்கியின் பெயராயிற்று. நாட்டையே வீதிக்கு அழைத்து வந்த துயரம் ஒரு வணிகப் பெயராகச் சுருங்கியது.

2021 அக்டோபர் 1 அன்று மோடி அரசு 41 படைக்கலத் தொழிற்சாலைகளை 7 நிறுவனங்களாகக் கூறுபோட்டது. கான்பூரின் சிறு ஆயுத உற்பத்தி அவற்றுள் ஒன்றின் கைக்குச் சென்றது. அந்நிறுவனம் 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. தோட்டா நீங்கலாக 700 கிராம் எடை, 50 மீட்டர் வரை குறி. இதுவும் பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்றே செய்திகள் பாராட்டின. எஃகா, டைட்டானியமா? 500 கிராமா, 700 கிராமா? பெண்களின் பாதுகாப்பு குறித்த விவாதம் இந்தத் தேர்வுக்குள் அடைக்கப்படுகிறது. பாதுகாப்பு யாருடைய கடமை என்ற கேள்வி அதில் மறைந்துபோகிறது.

முதலில், இத்தேர்வு யாருக்கு உரியது? நிர்பீக் வெளிவந்தபோது உத்தரப் பிரதேசத்தில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 142 ரூபாய். ஆண்டுதோறும் 100 நாளும் வேலை கிடைத்து, ஒரு ரூபாயும் செலவழிக்காமல் சேர்த்தாலும், அந்தத் துப்பாக்கியை வாங்க ஒரு தொழிலாளிக்கு எட்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணம் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. ஆனால் உரிமத்துக்கு முன் காவல்துறை அறிக்கை வேண்டும். காவல் நிலையத்தில் யாருடைய சொல் எடுபடும் என்பதைக் கிராமத்துத் தலித் பெண் அறிவாள். 2016 இறுதியில் நாட்டிலிருந்த 33.69 லட்சம் துப்பாக்கி உரிமங்களில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. பெண்களுக்கு எதிரான குற்றங்களின் எண்ணிக்கையில், 2022இல் 65,743 வழக்குகளுடன் முதலிடம் வகித்ததும் அதே மாநிலம். மக்கள்தொகை மிகுந்த மாநிலம் என்பது உண்மையே. எனினும் ஆயுதப் பெருக்கம் பெண்களைக் காக்கும் என்றால் அதன் தடயமாவது அங்கே தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டாவதாக, துப்பாக்கியை யாரை நோக்கி நீட்டுவது? பதிவான வல்லுறவு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவரே எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகள் கூறுகின்றன. உறவினரும் அண்டை வீட்டாரும் வேலை கொடுப்பவரும் இதில் அடக்கம். மணவாழ்வுக்குள் நிகழும் வல்லுறவையோ 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் குற்றமெனக் கொள்ளவில்லை. இருண்ட சாலையில் எதிர்ப்படும் அந்நியனுக்காக வடிவமைக்கப்பட்ட துப்பாக்கி, வீட்டுக்குள்ளிருக்கும் வன்முறைக்கு விடையாகுமா?

மூன்றாவதாக, ஆயுதச் சட்டம் யார் மீது பாய்கிறது? கான்பூரிலிருந்து கங்கையைக் கடந்தால் உன்னாவ். அங்கு ஒரு சிறுமி 2017இல் வல்லுறவுக்கு ஆளானார். குற்றவாளி அன்றைய பாஜக சட்டமன்ற உறுப்பினர் குல்தீப் சிங் செங்கார். நீதி கேட்ட குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன? 2018 ஏப்ரலில் அச்சிறுமியின் தந்தை தாக்கப்பட்டார். தாக்கப்பட்டவரிடமே சட்டவிரோதத் துப்பாக்கி இருந்ததாகப் பொய் வழக்குப் புனைந்து சிறையில் அடைத்தார்கள். சில நாட்களில் அவர் உயிரிழந்தார். 2020 மார்ச்சில் தில்லி நீதிமன்றம் செங்காரையும், சதிக்கு உடந்தையான காவல் அதிகாரிகளையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதிகாரம் படைத்தவனுக்குத் துப்பாக்கி அலங்காரம். இல்லாதவனுக்கு அது சிறைக்கான சாட்சியம்.

ஆயுதம் ஏந்துவது ஜனநாயக உரிமையல்லவா என்ற வாதம் எழலாம். 1878இல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கி ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகக் கோரியதும் அதனால்தான். அது அந்நிய ஆட்சிக்கு எதிராக ஒரு மக்கள் திரள் முழங்கிய கோரிக்கை. 1,22,360 ரூபாய்க்குத் தனிநபருக்கு விற்கப்பட்ட பேழையை அந்த மரபின் வாரிசாகக் காட்டுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி.

போராட்டத்தின் விளைவாக அமைந்த நீதிபதி வர்மா குழு, 80,000 பேரின் கருத்துகளை ஆராய்ந்து 29 நாட்களில் அறிக்கை அளித்தது. காவல்துறைச் சீர்திருத்தம், பாதுகாப்பான பொதுப் போக்குவரத்து, தெருவிளக்குகள், மணவாழ்வு வல்லுறவுக்கு அளிக்கப்படும் விலக்கின் நீக்கம் ஆகியன அதன் பரிந்துரைகள். பெண்களுக்குத் துப்பாக்கி விற்கச் சொல்லி அது எங்கும் கூறவில்லை. ஓராண்டுக்குள் காங்கிரஸ் ஆட்சி துப்பாக்கியை விற்றது. பாஜக ஆட்சி தொழிற்சாலையையே வணிக நிறுவனமாக்கி, அச்சத்தைச் சந்தையாக்கியது. தொழிலாளர்கள் எதிர்த்தபோது 2021ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டத்தைக் கொண்டு வேலைநிறுத்த உரிமையைப் பறித்தது.

கான்பூர் தொழிலாளியும் உன்னாவ் சிறுமியும் ஒரே அணியில் நிற்க வேண்டியவர்கள். வர்மா குழுப் பரிந்துரைகளை முழுமையாக நிறைவேற்று. இரவிலும் அரசுப் பேருந்தை ஓட்டு. புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரியைத் தண்டி. படைக்கலத் தொழிற்சாலைகளை மீண்டும் அரசுத் துறையாக்கு! ஒவ்வொரு கிளையும் இக்கோரிக்கைகளைத் தெருமுனைகளுக்கு எடுத்துச் செல்லட்டும். தில்லிக் குளிரில் தண்ணீர்ப் பீரங்கிகளுக்கு முன் அசையாது நின்ற இளம் பெண்களின் கைகளில் துப்பாக்கி இல்லை. வர்மா குழுவை அமைக்க அரசைப் பணியவைத்தது அவர்களின் திரட்சியே.