முட்டுக்கட்டையைக் கேவலமா பேசாதீங்க

"பழைய ஜீப்புன்னா ஹேண்ட் பிரேக் அப்படித்தான்ணே இருக்கும். ஒரு கல்லை வச்சுட்டுப் போங்க."

இந்த வார்த்தையை எத்தனை பட்டறையில கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. நானும் பல வருஷம் அதை நம்பினவன்தான். இன்னைக்கு அதைத் திட்டி எழுதப் போறேன். முதல் திட்டு எனக்கு, மிச்சம் உங்களுக்கு.

எங்கிட்ட இருக்கிறது மகேந்திரா எம்.எம்.540. எரு ஏத்த, நெல்லு மூட்டை ஏத்த, சேத்துல இறங்கி ஏற அதை விட்டா எனக்கு வேற வண்டி இல்லை. போன வருஷம் ஆடி மாசம் மழை பேஞ்சு ஓஞ்ச நேரம். ஏரிக்கரைச் சரிவுல வண்டியை நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பின் சக்கரத்துக்கு ஒரு கல்லையும் வச்சேன். மடையைப் பார்த்துட்டு வரலாம்னு பத்தடி நடந்திருப்பேன். ஈர மண்ணுல கல்லு சறுக்கிருச்சு. வண்டி பின்னால போய் வேப்பமரத்துல மோதி நின்னுச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி அந்த மரத்தடியிலதான் என் பேத்தி வேப்பம்பழம் பொறுக்கிக்கிட்டு இருந்தா. அவ அம்மா கூப்பிட்டதால எழுந்து போயிருந்தா. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

அதுக்கு முந்தின ஆறு மாசத்துல ஹேண்ட் பிரேக் பிடிக்கலைன்னு மூணு தடவை பட்டறைக்குப் போயிருக்கேன். மூணு தடவையும் செஞ்சது ஒரே வேலை: கேபிளை முறுக்கி டைட் வச்சு விட்டாங்க. ரெண்டு வாரம் பிடிக்கும், அப்புறம் பழைய கதைதான்.

ஏன் அப்படின்னு சொல்றேன், கவனமா படிங்க. காரு, வேனுல பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துல பிடிக்கும். பழைய வில்லிஸ் வழி வந்த ஜீப்புல அப்படி இல்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால, புரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்புற இடத்துல தனியா ஒரு சின்ன டிரம் இருக்கும். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது அந்த டிரம்மை. ஷாஃப்ட் நின்னா சக்கரம் நிக்கும், அதுதான் கணக்கு. டிரான்ஸ்பர் கேஸோட ஆயில் சீலும் அந்த டிரம்மை ஒட்டியேதான் இருக்கு. சீல் தேஞ்சா ஆயில் கசிஞ்சு நேரா லைனர்ல இறங்கும். ஆயில் குடிச்ச லைனரை எத்தனை டைட் வச்சாலும் வழுக்கத்தான் செய்யும். எண்ணெய்க் கையால விறால் மீனைப் பிடிச்ச கதைதான்.

வயசான மெக்கானிக் ஒருத்தர்தான் டிரம்மைக் கழட்டிக் காட்டினார். உள்ள கருப்புக் கஞ்சியா இருந்துச்சு. முதல்ல சீலை மாத்தினார், அப்புறம் லைனரை. பெட்ரோல் போட்டுக் கழுவுனா போதாதான்னு கேட்டேன். "ஊறிப்போனது மறுபடி கக்கும்யா"ன்னார்.

அதுக்கப்புறம்தான் அட்ஜஸ்ட்மென்ட். சமதரையில வண்டியை நிறுத்தி, முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுல உட்கார வச்சார். கியரை நியூட்ரலாக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கேபிளை முழுசாத் தளர்த்தினார். டிரம்ல இருக்கிற ஓட்டை வழியா ஸ்க்ரூ டிரைவரை விட்டு, லைனர் டிரம்மைக் கவ்வுற வரைக்கும் பல்லைத் திருப்பினார். அப்புறம் டிரம் உரசாம சுத்துற அளவுக்குச் சில பல் பின்னால விட்டார். கைப்பிடி பாதி தூரம் வர்றதுக்குள்ள பிடிக்கிற மாதிரி கடைசியாத்தான் கேபிளை வச்சார். கேபிள் கடைசி வேலை. நம்ம பட்டறைகள்ல அதுதான் முதல் வேலை, அது ஒண்ணுதான் வேலை.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை ஜீப் வச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் மனசுல வச்சுக்கணும். பஞ்சர்னு ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினா, ஹேண்ட் பிரேக் புதுசா இருந்தாலும் வண்டியைப் பிடிக்காது. ஷாஃப்ட் நின்னிருக்கும், ஆனா கிரவுன் வழியா தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்த, தரையில இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருளும். வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிரும். அடியில கையோ காலோ இருந்தா போச்சு. அதனால கட்டை கொடுக்காம ஜாக்கியைத் தொடாதீங்க. கியர்ல போட்டிருக்கேன்னு சொல்றதும் பத்தாது. டிரான்ஸ்பர் லீவர் நியூட்ரல்ல இருந்தா கியர் இருந்தும் இல்லாததுதான். ஓடுற வண்டியில இந்த பிரேக்கை இழுக்கவும் கூடாது. ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும் அடி வாங்கும்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். நெல்லு விளைஞ்ச எங்க ஊரப்பாக்கத்துல இப்ப அடுக்குமாடி விளையுது. அங்கிருந்து ஞாயித்துக்கிழமை பழைய ஜீப்பை எடுத்துக்கிட்டு ஏரிக்கரைக்கு வர்ற தம்பிகளைப் பார்க்கிறேன். யானைக்கால் டயர், நெத்தியில நாலு லைட்டு, பாட்டுப் பெட்டி. எல்லாம் பல ஆயிரம். ஹேண்ட் பிரேக் பிடிக்குமா தம்பின்னு கேட்டா சிரிப்பு: "அது ஷோவுக்கு அங்கிள்." ஷோவுக்குன்னா அந்த லைட்டுதான்யா ஷோவுக்கு! 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 96-வது விதி, கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் தனித்தனியா, ரெண்டும் ஒழுங்கா வேலை செய்யணும்னு சொல்லுது. ஆர்.சி. புதுப்பிக்கிற அன்னைக்கு மட்டும் கேபிளை முறுக்கிக் காட்டிட்டு வர்றவங்க யாரை ஏமாத்துறாங்க? சரிவுல கீழ நிக்கிற குழந்தைக்கு உங்க ஆர்.சி. தேதி தெரியுமா?

வண்டி பழசுங்கிறது சாக்கு. திருவாரூர் ஆழித்தேரை விடவா உங்க ஜீப் பழசு? காலங்காலமா ஓடுற அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செஞ்சு மாட்டியிருக்கு. அது இருந்தும் தேர் ஓடுற நாள்ல சக்கரத்துக்குப் பக்கத்துலயே முட்டுக்கட்டையோட ஆள் நடக்கிறாங்க. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவாங்க. தேரை நிறுத்துறவன் முட்டுக்கட்டை போடுறவன்தான். நாமதான் அந்த வார்த்தையை வசவாக்கி, காரியத்தைக் கெடுக்கிறவனுக்குப் பேரா வச்சுட்டோம்.

என் ஜீப்புல இப்ப புளியமரத்துல செதுக்கின முட்டுக்கட்டை ரெண்டு எப்பவும் கிடக்கு. ஹேண்ட் பிரேக்கும் பிடிக்குது. ரெண்டும் வேணும், ஒண்ணுக்கு ஒண்ணு பதில் இல்லை. நாளைக்கு பட்டறையில "கேபிளை டைட் வைக்கட்டுமா"ன்னு கேட்டா, "முதல்ல டிரம்மைக் கழட்டுப்பா"ன்னு சொல்லுங்க. முனகுவாங்க. முனகட்டும்.